சிறுவர் சித்திரமும் கணினித் திரையும்

ஜொகூர் மாநிலத்தில் உள்ள சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளில் ஏதேனும் ஒன்றின் முதலாம் ஆண்டு வகுப்பில் காலெடுத்து வைக்கிற குழந்தை, தமிழ் நெடுங்கணக்கையும், ரூமி எழுத்தில் எழுதப்படும் மலாயையும், அதே எழுத்துகளை வேறு விதமாக உச்சரிக்கும் ஆங்கிலத்தையும் ஒரே வருஷத்தில் எதிர்கொள்கிறது. மலாய்ப் பாடத்தில் சகரமாக ஒலித்த ‘சி’ (C) என்னும் எழுத்து, மணியடித்து ஆங்கில ஆசிரியை உள்ளே வந்ததும் பெரும்பாலும் ககரமாகிவிடுகிறது. இத்தனை பாரத்தையும் சுமக்கும் அந்தப் பிள்ளைக்கு, எழுத்தின் தயவே இல்லாமல் மனத்தில் உள்ளதை வெளியே கொண்டுவரக்கூடிய காரியம் ஒன்று உண்டென்றால், அது படம் வரைவதுதான். ஆகையால், கணினியும் டேப்லெட்டும் பாலர் பள்ளி வரைக்கும் வந்துவிட்ட இக்காலத்தில், சிறுவர் படம் வரைவதற்கென்று செய்யப்படும் மென்பொருள் அவர்கள் முன்னே எப்படிப்பட்ட முகத்தோடு வந்து நிற்க வேண்டும் என்ற கேள்வியைப் பொறியாளர்கள் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. பெற்றோரும் ஆசிரியரும் அபிப்பிராயம் சொல்லித்தான் ஆகவேண்டிய விஷயம் இது.

இடைமுகம் என்று தொழில்நுட்பத்தார் வழங்கும் சொல் மிரட்டுவதுபோல் இருந்தாலும் பொருள் எளியது. திரையில் தெரியும் பொத்தான்கள், படக்குறிகள், அவற்றை வரிசைப்படுத்தியிருக்கும் விதம், ஒன்றைத் தொட்டால் கணினி மறுமொழி சொல்லும் முறை, தவறு நேர்ந்துவிட்டால் அது நம்மை நடத்தும் பாங்கு ஆகிய யாவும் சேர்ந்ததே இடைமுகம். வளர்ந்தவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை. பல வருஷப் பழக்கத்தினால் கை தானாகப் போகிறது. குழந்தைக்கு அந்தப் பழக்கத்தின் துணை கிடையாது. ஆதலால் அமைப்பில் உள்ள ஒவ்வொரு குறையும் நேராக அதன் விரலிலும் மனத்திலும் வந்து தைக்கிறது.

ஸ்கூடாயில் உறவினர் வீடொன்றில், எனக்குப் பேத்தி முறையாகும் நான்கு வயதுச் சிறுமி, பெரியவர்களுக்கென்று செய்யப்பட்ட ஒரு வரைதல் மென்பொருளில் வீடு வரைந்துகொண்டிருந்ததை ஒருநாள் அருகிலிருந்து பார்த்தேன். கூரைக்குச் சிவப்பு வேண்டுமென்று வண்ணக் கட்டங்களை நோக்கிச் சுட்டியை நகர்த்தினாள். அம்புக்குறி கட்டத்தின் பக்கத்தில் வெகு விரைவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே நிற்கவில்லை. தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டிற்று. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மேசையின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக் கடைசியில் ஒருவழியாக அழுத்தியபோது, அழுத்தம் விழுந்தது சிவப்பின்மேல் அன்று, அதற்குச் சற்று மேலே இருந்த மெனுவின்மேல். ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு கேள்வியும் மூன்று பொத்தான்களும் இருந்தன. நடுவில் இருந்ததை அழுத்தினாள். திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. “தாத்தா, என் வீட்ட காணோம்!” என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தக் குழந்தை செய்த பிழை எதுவும் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில் உள்ள ஒருத்தியிடம், கோப்பைச் சேமிக்கவேண்டுமா வேண்டாமா என்ற வினாவைக் கேட்டு, அவள் தற்செயலாகத் தந்த விடையை மெய்யென்று எடுத்துக்கொண்டு, அரைமணி நேர உழைப்பை மீட்கமுடியாதபடி அழித்த மென்பொருளே பிழை செய்தது.

ஏறக்குறைய இதே காட்சியை 1980-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்த கிரெய்க் ஹிக்மன் தம் வீட்டில் கண்டார். 1984-இல் மெக்கின்டாஷ் கணினியோடு வெளிவந்த மேக்பெயிண்ட், பில் அட்கின்சன் உருவாக்கிய மிகச் சிறந்த படைப்பு; பெரியவர்கள் அதைக் கண்டு வியந்தார்கள். ஆனால் ஹிக்மனின் மூன்று வயது மகன் அதில் வரைய உட்கார்ந்தபோது, அவனை அறியாமலே மெனுக்கள் இழுபட்டுக் கீழே இறங்கின, அச்சிடவோ சேமிக்கவோ கேட்கும் பெரிய பெட்டிகள் திடீரென்று குதித்தெழுந்தன, பிள்ளை கலங்கிப்போனான். பையனுக்கு இன்னும் வயது வரவில்லை என்று தகப்பனார் கணினியை மூடிவைத்துவிடவில்லை. பையனுக்கு ஏற்றபடி மென்பொருளை மாற்ற முனைந்தார். அப்படிப் பிறந்து, 1989-இல் இலவசமாக வெளியிடப்பட்டு, 1991-இல் புரோடர்பண்ட் நிறுவனத்தின் வாயிலாகக் கடைகளுக்கு வந்ததுதான் கிட் பிக்ஸ். கருவிகள் அனைத்தும் இடப்பக்கத்தில் எப்போதும் கண்ணெதிரே நிற்கும். ஒரு கருவியைத் தொட்டால் அதற்குரிய வகைகள் கீழே வரிசையாகத் தெரியும். மெனுவுக்குள் ஒளிந்திருப்பது மிகக் குறைவு. படத்தை முழுவதும் அழிக்கவேண்டுமானால் ஒரு பட்டாசு வெடித்து அழித்துவிடும். சிறுவர் வரைதல் மென்பொருள்கள் பலவற்றில் இன்றும் காணும் அமைப்புக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது. எனினும் பட்டாசு ஓசையில் மயங்கி, வரைவதை விட்டுவிட்டு அழிப்பதையே விளையாட்டாக்கிக்கொள்ளும் பிள்ளையும் உண்டாதலால், இத்தகைய கேளிக்கைகளை அளவோடு வைப்பதே உசிதம் என்பது என் எண்ணம்.

ஸ்கூடாய்ச் சிறுமியின் அம்புக்குறி ஏன் கட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது என்பதற்கு விஞ்ஞானத்தில் விடை இருக்கிறது. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலறிஞர், ஒரு குறியைக் கை சென்றடைய ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்பதைக் கணக்காக வகுத்துக் காட்டினார். குறி தொலைவில் இருந்தால் தாமதம், சிறிதாக இருந்தால் மேலும் தாமதம். அரை நூற்றாண்டுக்குப் பின்பு, 2004-இல், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹுவான் பாப்லோ ஹொர்காடேயும் அவருடைய சகாக்களும், நான்கு ஐந்து வயதுக் குழந்தைகளையும் வளர்ந்தவர்களையும் ஒரே சோதனைக்கு உட்படுத்தி, 16, 32, 64 திரைப்புள்ளி (pixel) அளவுள்ள குறிகளைச் சுட்டியால் தொடச் சொல்லிப் பார்த்தார்கள். குழந்தைகள் குறியின் அருகே வந்துவிடுகிறார்கள். அதற்குள் அடங்கி நிற்பதுதான் அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. உள்ளே நுழைந்து, வெளியே வழுவி, மீண்டும் நுழைகிறார்கள். நுண்ணிய தசைகளை அடக்கி ஆளும் திறம் அந்த வயதில் முற்றவில்லை என்பதே காரணம். கோரி இங்க்பென் என்ற ஆய்வாளர் 2001-இல் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சியில், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஒரு பொருளை இழுத்துச் செல்வதைவிட, ஓரிடத்தில் ஒருமுறையும் மற்றோரிடத்தில் ஒருமுறையும் அழுத்துவது சிறுவர்க்கு விரைவாகவும் பிழையின்றியும் கைகூடுகிறது என்று கண்டார். கோடு வரைவதே இழுப்பதுதான் ஆகையால் அதைத் தவிர்க்க வழியில்லை. மற்ற எதற்கும் இழுக்கச் சொல்லாதிருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று எந்தப் பள்ளியும் காசு கொடாமல் பெறக்கூடிய டக்ஸ் பெயிண்ட் என்ற மென்பொருளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பில் கெண்ட்ரிக் என்ற கலிஃபோர்னியப் பொறியாளர் 2002-இல் தொடங்கி வெளியிட்ட இந்த மென்பொருள், உலகெங்கும் உள்ள தொண்டர்களின் கையால் இருபதாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வருகிறது. மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளோரை உத்தேசித்தது. இடப்பக்கம் கருவிகள், வலப்பக்கம் அந்தந்தக் கருவிக்குரிய வகைகள், கீழே வண்ணங்கள், அதற்கும் கீழே குறிப்புச் சொல்லும் ஒரு பெங்குவின் பறவை, நடுவில் வெள்ளைத் தாள்: அவ்வளவுதான் திரை. பொத்தான்கள் ஆதியில் 48 திரைப்புள்ளி அளவில் அமைந்தன. 2022-இல் வந்த பதிப்பிலிருந்து, பார்வைக் குறையோ கைநடுக்கமோ உள்ள பிள்ளைக்காக அவற்றை இன்னும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இதன் உண்மையான சிறப்பு, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. சேமிக்கும் பொத்தானை முதன்முறை அழுத்தும்போது அது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கோப்புக்குப் பெயர் வை என்று சொல்வதில்லை. எந்த இடத்தில் வைக்கட்டும் என்று விசாரிப்பதில்லை. படத்தை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. மறுபடி திறக்க நினைத்தால், பெயர்களின் பட்டியல் வருவதில்லை. வரைந்த படங்களே சிறுசிறு உருவில் வரிசையாக வந்து நிற்கின்றன. பிள்ளை தன் படத்தைக் கண்ணால் அடையாளம் கண்டு தொடவேண்டியதுதான். சேமித்துவிட்டு மூடிப்போய் மறுநாள் வந்து திறந்தால், நேற்றைய படம் விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. தவறான கோட்டை ஒரு பொத்தானால் பின்வாங்கலாம், பின்வாங்கியதையும் மீட்கலாம். அச்சிடும் பொத்தானை ஆசை தீர அழுத்தித் தாளை வீணாக்கும் பிள்ளையைத் தடுக்க, ஒருமுறை அச்சிட்டபின் இத்தனை விநாடி பொறுக்கவேண்டும் என்று பெரியவர்கள் முன்கூட்டி வரையறுக்க முடியும். இந்த வரையறைகளும் ஏனைய நிர்வாகங்களும் குழந்தையின் திரையில் இல்லவே இல்லை. அவை தனியே வேறொரு நிரலில் பெரியவர்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பெரியவர்க்கு வேண்டிய சிக்கலைப் பிள்ளையின் கண்ணெதிரே பரப்பாமல் வேறிடத்தில் வைத்த இந்த ஒரு தீர்மானத்துக்காகவே அதை உருவாக்கியவர்களை வணங்கலாம்.

சுட்டியின் வலப் பொத்தானையும் நடுப் பொத்தானையும் பற்றி அவர்கள் செய்த யோசனை, இத்துறையில் ஒரு சிறு விஷயம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்குச் சான்று. தொடக்கப் பதிப்புகளில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது வேலை செய்தது. பின்னர், பிள்ளை தவறான பொத்தானில் பழகிவிட்டால் பிற மென்பொருள்களில் இடர்ப்படுமே என்று கருதி, இடப் பொத்தான் மட்டும் இயங்கும்படி மாற்றினார்கள். ஆனால் விரல்களைப் பிரித்து ஆளத் தெரியாத மிகச் சிறிய குழந்தைக்காக, பழைய முறையைத் திரும்பப் பெறும் வழியையும் விட்டுவைத்தார்கள். வட்டம், சதுரம் போன்ற உருவங்களை இழுத்துப் பெரிதாக்கியபின் சுழற்றி நிறுத்தும் இரண்டாம் படி ஒன்று உண்டு. அது வயதுக்கு மீறியதாக இருந்தால் அதை நீக்கிவிடலாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டும் அறிந்த பிள்ளைக்காகத் திரைச் சொற்கள் யாவும் பெரிய எழுத்திலேயே வரச் செய்யலாம். இவற்றில் எதுவும் விளம்பரத்தில் பேசப்படும் அம்சம் அன்று; ஆயினும் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகப் பார்த்த ஒருவருக்கன்றி இவை தோன்றியிரா.

எளிமை என்றால் கருவிகளைக் குறைத்துக்கொண்டே போய் ஒரு பென்சிலையும் ஐந்து வண்ணங்களையும் மட்டும் மிச்சம் வைப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை நினைத்துப் பாருங்கள். மாவு ஒன்றே கருவி. புள்ளிகளை வைத்துவிட்டால் விதிகளும் சிலவே. ஆயினும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களுக்கு எல்லையில்லை. சென்னை, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில், கோலங்களைக் கணினி இலக்கண விதிகளால் பிறப்பிக்கலாம் என்று நிறுவியபோது, உலகக் கணினி அறிஞர்கள் நம் பெண்மக்களின் கைவண்ணத்தைக் கணிதப் பொருளாகக் கண்டார்கள். சிறுவர் மென்பொருளுக்கும் வேண்டிய குணம் இதுவே: உள்ளே நுழைய ஒரு நிமிஷமும், கற்றுத் தீர்க்கப் பல வருஷமும் ஆகவேண்டும். டக்ஸ் பெயிண்டில் இடப்பக்கம் வரைந்தால் வலப்பக்கத்திலும் அதே கோடு தானாக விழும் கருவிகள் உண்டு. கோலம் போடத் தெரிந்த எந்தத் தமிழ்ச் சிறுமியும் அதைக் கண்ட மாத்திரத்தில் புரிந்துகொள்வாள். அதைவிடப் பயனுள்ள வசதி ஒன்றும் உண்டு. ஆசிரியர் ஒரு வரிச்சித்திரத்தை முன்கூட்டிச் செய்து வைத்தால், பிள்ளை அதன்மேல் எவ்வளவு வண்ணம் தீட்டினாலும் அழிப்பானால் தேய்த்தாலும் அந்த மூலக்கோடுகள் மறைவதில்லை. புள்ளிகளை மட்டும் வரைந்து இவ்வாறு வைத்துவிட்டால், அழியாத புள்ளிகளுக்கு இடையே பிள்ளைகள் ஆயிரம் முறை சிக்குக்கோலம் இட்டுப் பார்க்கலாம். மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் காட்சிக்கலைப் பாடத்தில் படம் வரைதலோடு வடிவக்கோலங்களை அமைத்தலும் பாரம்பரியக் கைவினையை அறிதலும் இடம்பெற்றிருப்பதால், இது பாடத்துக்குப் புறம்பான வேலையும் ஆகாது.

விரலால் தொடும் திரை வந்தபின் சுட்டியின் தொல்லை தீர்ந்தது. வேறு தொல்லைகள் வந்தன. குழந்தை தாளில் வரைவதுபோல் உள்ளங்கையைத் திரையில் ஊன்றுகிறது. அதையும் ஒரு தொடுதலாக எண்ணிச் சில மென்பொருள்கள் கோணல் கோடு போடுகின்றன. ஓரத்திலிருந்து விரல் சறுக்கினால் படமே மறைந்து வேறு திரை வந்துவிடுகிறது. இவை திறமையால் தீரக்கூடியவை. வணிகத்தால் விளையும் தீமை வேறு வகை. இலவசம் என்று வரும் சிறுவர் செயலிகள் பலவற்றில், அழகான வண்ணம் ஒன்றைத் தொட்டால் பூட்டுத் தெரிகிறது. பூட்டைத் தொட்டால் விலை தெரிகிறது. பெற்றோரின் சம்மதமில்லாமல் பிள்ளைகள் செயலிகளுக்குள் செய்த கொள்முதல்களுக்காக, குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க ஆப்பிள் நிறுவனம் 2014-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு உடன்பட வேண்டியதாயிற்று. குழந்தையின் விரல் தவறிப் படுவதையே வருமானமாக்கிக்கொள்ளும் திரையமைப்பு, எத்தனை அழகாக இருந்தாலும், அதர்மம்.

நல்ல அமைப்பைக் கண்டறியக் குழந்தைகளையே கேட்பதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. மேரிலாண்டில் அல்லிசன் ட்ரூயின் என்ற அம்மையார், சிறுவர்களைச் சோதனைப் பொருளாக வைக்காமல், பெரியவர்களுக்குச் சமமான கூட்டாளிகளாக வாரந்தோறும் உட்காரவைத்து மென்பொருள்களை வடிவமைத்தார். புதுதில்லியின் கல்காஜியில் 1999-இல் சுகத மித்ரா ஒரு சேரியை ஒட்டிய சுவரில் கணினியைப் பதித்து, கற்பிப்பார் யாருமின்றி விட்டபோது, அங்கே கூடிய பிள்ளைகள் தாமே கண்டுபிடித்து விரும்பிப் பயன்படுத்தியவற்றுள் வரைதல் மென்பொருளும் ஒன்று. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினித் துறையில் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். சில மைல் தூரத்துக்குள் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. இவ்விரண்டு இடத்தாரும் ஒரு சனிக்கிழமை காலையில் கூடி உட்கார்ந்தால் போதும். எந்தப் பொத்தான் சிறியது, எந்தக் குறி விளங்கவில்லை என்பதை முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

டக்ஸ் பெயிண்ட் தமிழிலும் மலாயிலும் இயங்கக்கூடியது என்பது நம் பெற்றோரில் மிகச் சிலருக்கே தெரிந்த செய்தி. கணினித் தமிழுக்கு மலேசியா புதிய நாடு அன்று. முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் இந்த மண்ணில் பிறந்ததே. திரையில் தமிழ் வருவதற்குத் தடை எதுவும் இல்லாதபோது, குறுகிய பொத்தானுக்குள் நீண்ட தமிழ்ச்சொல்லை நெருக்கி வாசிக்க முடியாதபடி செய்வது மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். ‘வரை’, ‘அழி’, ‘திற’, ‘சேமி’ என்று பிள்ளைகள் பேசும் சிறு சொற்களே போதும். தமிழ்நாட்டு அரசின் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் டக்ஸ் பெயிண்டைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் அதன் பெயரை அறிய அது வழிசெய்தது நல்ல காரியமே. ஆனால் மூன்று வயதில் கையில் எடுத்து விளையாடவேண்டிய ஒன்றை, பன்னிரண்டு வயதில் கருவிகளின் பெயரை ஒப்புவித்து மதிப்பெண் பெறும் பாடமாக்குவது முறையன்று. நாம் அந்த வழியில் போகவேண்டாம்.

முத்திரைகள் என்று டக்ஸ் பெயிண்டில் ஒரு பகுதி உண்டு. ஒரு பழத்தின் படத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் பெயர் கீழே தோன்றும். குரலும் பெயரைச் சொல்லும். தாளில் அழுத்தினால் பழம் பதியும். புதிய முத்திரைகளை எவரும் சேர்க்கலாம். அதற்கு நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. பின்புலம் நீக்கிய ஒரு படம், பெயரை ஒவ்வொரு மொழியிலும் ஒரு வரியாக எழுதிய சிறு உரைக்கோப்பு, அந்தந்த மொழியில் பெயரை உச்சரிக்கும் ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் ஒரே பெயரில் தொடங்கும்படி பெயரிட்டு அதற்கென்று உள்ள கோப்புறையில் வைத்துவிட்டால் முடிந்தது. ரம்புத்தான், டுரியான், ரப்பர் மரம், செம்பனைக் குலை, வாவ் பட்டம், பொங்கல் பானை, குத்துவிளக்கு என்று நம் பிள்ளைகள் அன்றாடம் காணும் பொருள்களைக் கைப்பேசியிலேயே படமெடுத்து, அவற்றின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் தெளிவாகச் சொல்லிப் பதிந்துகொடுக்க ஒரு பள்ளியில் இரண்டு ஆசிரியர்களும் நான்கு பெற்றோரும் முன்வந்தால் போதுமானது. ஜொகூர் பாருவிலும் கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இதை வாசிக்கும் ஆசிரியப் பெருமக்களே, வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு பத்து முத்திரைகளைச் செய்து உங்கள் பள்ளிக் கணினிகளில் சேர்த்துவிடுங்கள். அண்டைப் பள்ளிகளுக்கும் அவற்றைக் கொடுத்து உதவுங்கள்.